முழுப்பேர்

தடித்த தாள். மேல் மூலையில் 16 யூரோ முத்திரை. நடுவில் ஒரு பிள்ளையின் பெயர். பெயருக்கு முன்னால் ஒரு சொல்: தொத்தோரெஸ்ஸா.

பிள்ளை பிறந்தது பலெர்மோவில். தகப்பன் பிறந்தது இங்கே, புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில்.

கொழும்பில் வேலைக்கு மனுப் போடுகிறாளாம். ஆங்கிலத்தில் வேண்டும். பிள்ளையின் பெரியப்பா கொண்டுவந்தார். பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் பேப்பர், அதற்கு மேல் சீலைப் பை.

"டாக்டர்னு போடு மகள்" என்றார்.

இன்னும் போடவில்லை.

என் மேசை கொமியூனிகேஷன் கடைக்குள் இருக்கிறது. போட்டோக் கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில். பகலெல்லாம் சூடு. நான் முதல் பிரதி எழுதுவேன். கையெழுத்தும் முத்திரையும் கேகாலையில், சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம்.

சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர். யோசித்தால் பெரிய சொல். வேறு எந்தத் தொழிலிலும் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் வைக்கச் சத்தியம் கேட்பதில்லை.

இத்தாலியில் பட்டம் எடுத்த எவரும் தொத்தோரே. 2004ஆம் ஆண்டு விதியில் தெளிவாக இருக்கிறது. மூன்று வருடம் படித்தவர் தொத்தோரே. மேலும் இரண்டு வருடம் படித்தவர் தொத்தோரே மஜிஸ்த்ராலே. ஆராய்ச்சி முடித்தவர் தொத்தோரே தி ரிச்செர்கா.

ஆங்கிலத்தில் டாக்டர் என்று எழுதக்கூடியது மூன்றாமவரை மட்டும். வைத்தியர் வேறு கதை.

இவள் மூன்று வருடம். 180 கிரெடிட். 110க்கு 104.

110க்குப் புள்ளி. ஏன் 110 என்று அங்கே நான் கேட்ட யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பரீட்சை ஒவ்வொன்றும் 30க்கு. 18 எடுத்தால் பாஸ். மொத்தத்தில் 66 எடுத்தால் பாஸ். 100க்கு மாற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். மாட்டேன். இருக்கிறதை இருக்கிறபடி.

சட்டப்படி அவள் தொத்தோரெஸ்ஸா. பொய்யில்லை. பெரியப்பா தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். அதுவும் பொய்யில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெள்ளை அல்மாரிக்குப் பின்னால் இருந்தவரை அம்மா 'டாக்டர் ஐயா' என்பாள். கடதாசியில் அவர் தோட்ட வைத்திய உதவியாளர். அதற்கு முந்திய காலத்தில் டிஸ்பென்சர். சளி மருந்தைச் சாராயப் போத்தலில் ஊற்றித் தருவார். ஏழு லயத்துக்கும் அவர்தான்.

அவரையும் மொழிபெயர்க்க வேண்டி வந்தது, ஒருமுறை. ஒரு கடிதத்தில். 'டாக்டர் ஐயா சொன்னபடி.'

நேப்பிள்ஸில் கார் நிறுத்த இடம் காட்டுகிறவர்கள் யார் வந்தாலும் 'தொத்தோ' என்பார்கள். கடைசி எழுத்தை விழுங்கி. கண்ணாடி போட்டிருந்தால் கட்டாயம்.

லவுரெயா. பட்டத்துக்கு இத்தாலியச் சொல். லவுரோ மரத்து இலையால் கட்டிய மாலை. இன்றும் பட்டம் எடுத்த நாளில் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் போவார்கள். சிவப்பு ரிப்பன் கட்டி.

அதே இலையை இறைச்சிக் குழம்பில் போடச் சொல்லிக்கொடுத்தார் நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா. இரண்டு இலை போதும் என்றார்.

பட்டம். பழைய தமிழில் நெற்றியில் கட்டும் பொன் தகடு. பட்டம் கட்டுதல் என்பது அதுதான். பட்டதாரி, அதைத் தரித்தவர்.

அம்மாவின் உச்சந்தலையில் ஒரு கோடு இருந்தது. முடி முளைக்காத கோடு. கொழுந்துக் கூடையின் கயிறு முப்பது வருடம் கிடந்த இடம். எண்ணெய் வைக்கும்போது விரல் அங்கே வழுக்கும்.

1678 ஜூன் 25, பாதுவா நகரம். எலெனா கோர்னாரோ பிஸ்கோபியா என்ற பெண்ணுக்குத் தத்துவத்தில் தொத்தோரே பட்டம். உலகத்தில் இந்தப் பட்டம் எடுத்த முதல் பெண் என்று சொல்கிறார்கள். மோதிரம், புத்தகம், தோளில் வெள்ளை ரோமப் போர்வை, தலையில் இலை மாலை. இறையியலில் கேட்டார்கள், பெண் என்பதால் கொடுக்கவில்லை, தத்துவத்தில் கொடுத்தார்கள்.

அடுத்த பெண் லவுரா பாஸ்ஸி. பொலோஞ்ஞா, 1732.

1732. இத்தாலியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஒருவர் சதுரகராதி என்ற தமிழ் அகராதியை முடித்த வருடம். அதன் முதல் பகுதி பெயரகராதி.

அவர் கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி. கொன்ஸ்தான்சோ என்றால் உறுதி உள்ளவன். தமிழில் தைரியநாதர். பிறகு வீரமாமுனிவர். தன் பெயரையே மொழிபெயர்க்கக் கொடுத்த மனிதர். ஊருக்கு ஊர் அது வளர்ந்திருக்கிறது.

அவருக்கு நூறு வருடம் முன்னால் 1606இல் மதுரைக்கு வந்தவர் ரொபெர்த்தோ தே நொபிலி. பறங்கி என்று கூப்பிடாதீர்கள் என்றார். ஐயர் என்றார்கள். தத்துவ போதகர் என்றார்கள். அவர் வீட்டார் இத்தாலியில் பிரபு வம்சம். அதை இங்கே ராஜ குலம் என்று சொன்னார்.

பிரபுவுக்கு ராஜா. மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் கொஞ்சம் ஏற்றித்தான் வைத்திருக்கிறார்.

1948இல் வந்த இத்தாலிய அரசியலமைப்பின் கடைசியில் ஒரு விதி. பிரபுப் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை. ஆனால் 1922 அக்டோபர் 28க்கு முந்திய பட்டத்தோடு ஒட்டிய ஊர்ப்பெயர், ஆளின் பெயரில் ஒரு பகுதியாக இருக்கலாம். பட்டம் போய்விட்டது, வால் பெயரில் நிற்கிறது.

இந்திய அரசியலமைப்பில் 18ஆம் உறுப்பு. பட்டங்கள் ஒழிப்பு. இராணுவம், கல்வி இரண்டும் நீங்கலாக.

டொன். இத்தாலியில் சாமியாரின் பெயருக்கு முன்னால் வரும். டொன் பொஸ்கோ. இங்கே போர்த்துக்கீசர் விட்டுப்போனது, சிங்களவர் பெயர்களில் நிற்கிறது. டி. எஸ். சேனநாயக்கவின் 'டி' அதுதான். டொன் ஸ்டீபன்.

ஒரு ஞானஸ்நானச் சான்றிதழில் 'டொன்' வந்தது. சாமியார். பெயர் என்று நினைத்துவிட்டேன். கேகாலை ஐயா சிவப்பு மையால் சுழித்து அனுப்பினார். வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் மனசு சரியில்லை.

விவாகப் பதிவுப் படிவம். 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டங்கள். பெயர், வயது, நிலை, பதவி அல்லது தொழில், இனம். தகப்பன் பெயர். தகப்பனின் பதவி அல்லது தொழில்.

பதவி அல்லது தொழில். நடுவில் அந்த 'அல்லது'. இரண்டில் ஒன்றுதான் உண்டு போல.

அம்மாவின் கட்டத்தில் 'தொழிலாளி'. அப்பாவின் கட்டத்தில் 'தொழிலாளி'. அம்மாவின் அப்பா கட்டத்தில் 'கங்காணி'.

கங்காணிக்கு ஆங்கிலம் தேவையில்லை. ஆங்கில அகராதியே எடுத்துக்கொண்டுவிட்டது. கண்காணிப்பவர், கண் வைத்துப் பார்ப்பவர்.

பெரிய கங்காணி. சில்லறைக் கங்காணி. பெரிய கங்காணிக்குக் கீழே சனங்கள் இருப்பார்கள். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு. முற்பணம் கொடுத்துக் கடலுக்கு இந்தப் பக்கம் கூட்டிவந்தவர். கடன் துண்டில் எழுதியிருக்கும். துண்டோடுதான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1921இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு எடுத்தார்கள்.

தாத்தா சில்லறை.

இத்தாலியில் காபொராலே. விடியற்காலை வேன் கொண்டுவந்து தக்காளித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவர். ஒவ்வொரு தலைக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். வேனுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் தனியாக. அதற்கு எதிராக 2016இல் 199ஆம் இலக்கச் சட்டம். நேரே பார்த்தால் கோப்ரல், பட்டாளத்துச் சொல். ஒரு வழக்குத் தாளில் அப்படி எழுதியிருந்தார்கள். அந்தப் பையன் இராணுவத்திடம் அடி வாங்கியதாக வாசித்தவர் நினைத்திருப்பார்.

ரஜோனியேரே. ரஜோனே என்றால் காரணம், அறிவு. பழைய வழக்கில் கணக்கு. கணக்குப் படித்த தொழில்நுட்பப் பள்ளிக்கூடத்து டிப்ளோமா. பதினெட்டு பத்தொன்பது வயதில் எடுப்பது. ஆங்கிலத்தில் அக்கவுண்டன்ட் என்றால் மேலே போய்விடும். புக்கீப்பர் என்றால் கீழே இறங்கிவிடும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொம்மெர்ச்சாலிஸ்தாக்களின் பதிவேட்டோடு ரஜோனியேரிகளின் பதிவேடும் சேர்ந்துவிட்டது. பெயர் மட்டும் வாயில் இருக்கிறது.

கணக்கப்பிள்ளை. கணக்கு எழுதுகிறவர் இல்லை. மலையில் நின்று வேலை வாங்குகிறவர். துரைமார் கே.பி. என்பார்கள். மதராஸில் வெள்ளைக்காரர் இதையே கானிகோபொலி ஆக்கினார்கள். 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் இருக்கிறது.

பிள்ளை என்பதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

கண்டாக்கையா. கிளாக்கரையா. டீமேக்கரையா. எல்லாப் பெயருக்கும் பின்னால் ஐயா. இத்தாலியில் முன்னால்: இஞ்சிஞ்ஞேரே, அவ்வொகாத்தோ, ஆர்க்கித்தெத்தோ. ஆங்கிலத்தில் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மிஸ்டர் என்று ஒன்று, எல்லோருக்கும்.

பெரிய துரை, சின்ன துரை. பி.டி., எஸ்.டி. தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கில எழுத்தில் சுருக்கம். துரைமார் தங்களுக்குள் அதைத்தான் சொல்வார்கள்.

ஃபெர்குசன் எழுதிய பழைய புத்தகம் ஒன்று, சின்ன துரைமார் சட்டைப்பையில் வைத்துத் தமிழ் பழக. அதன் பெயர் 'இங்கே வா'.

வாங்க இல்லை. வா.

இத்தாலியில் மரியாதைக்கு 'லேய்'. அதன் நேர்ப் பொருள் 'அவள்'. முசோலினி ஆட்சி 1938இல் அதை வேண்டாம் என்றது, 'வோய்' சொல்லச் சொன்னது. ஆட்சி போய்விட்டது. லேய் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்த வீட்டுப் பெரியவர் என்னை 'லேய்' என்றார். வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

கூலி என்றால் எங்கள் பேச்சில் சம்பளம். ஆங்கிலத்தில் ஆள்.

நொத்தாயோ. ஆங்கிலத்தில் நோட்டரி என்று எழுதினால் அமெரிக்காவில் கையெழுத்துக்குச் சாட்சி முத்திரை போடுகிறவர் என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே நொத்தாயோ சட்டம் படித்து, பதினெட்டு மாதம் பழகி, கடினமான போட்டிப் பரீட்சை பாஸ் பண்ணி, வீடு விற்கவும் காணி எழுதவும் அரசாங்கத்தின் கையாக உட்கார்ந்திருப்பவர்.

இங்கே பிரச்சினையே இல்லை. நொத்தாரிசு. ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து காணி உறுதி என்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும். நொத்தாயோ, நொத்தாரிசு. ஆங்கிலத்தில் போகாமல் நேரே போனால் வழி கிட்ட.

அவ்வொகாத்தோ. அப்புக்காத்து. மேசையில் இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பிரக்கிராசி என்பார்கள். புரொக்டர். இத்தாலியில் ப்ரொக்குராத்தோரே லெகாலே. இங்கே 1973ஆம் ஆண்டு 44ஆம் இலக்கச் சட்டம், 1974 ஜனவரி 1 முதல் அப்புக்காத்தும் பிரக்கிராசியும் ஒன்று, சட்டத்தரணி. அங்கே 1997இல் ப்ரொக்குராத்தோரே பதிவேடு மூடப்பட்டது, எல்லோரும் அவ்வொகாத்தோ. 23 வருட வித்தியாசம். இந்த இரண்டு நாடும் பேசி வைத்துச் செய்யவில்லை.

மஜிஸ்த்ராத்தோ. மாஜிஸ்திரேட் என்று எழுதக்கூடாது. இங்கே நீதவான். அங்கே நீதிபதியும் அதுதான், அரச வழக்குத் தொடுப்பவரும் அதுதான்.

மயெஸ்த்ரோ. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர். சங்கீதக் குழுவுக்கு முன்னால் கோல் வைத்து நிற்பவரும் அவரே. ஆங்கிலத்தில் மேஸ்ட்ரோ என்றால் இரண்டாமவர் மட்டும்.

மேஸ்திரி. போர்த்துக்கீச மெஸ்த்ரே. தமிழ்நாட்டில் கட்டட வேலை வாங்குபவர். பர்மாவுக்கு ஆள் சேர்த்தவரும் மேஸ்திரி.

மாஸ்டர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு வைத்தவர். எங்கள் மாஸ்டருக்கு மூன்று விரலில் எப்போதும் சோக்குத் தூள்.

மூன்றுக்கும் தாய்ச்சொல் ஒன்று என்று யார் பார்த்தாலும் தெரியும். மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க முடியாது.

ப்ரொஃபெஸ்ஸோரே. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கணக்குப் படிப்பிக்கிறவரும் ப்ரொஃபெஸ்ஸோரே. புரொபசர் என்று எழுதினால் பேராசிரியர் ஆகிவிடுவார். ஒரு அம்மாவின் தாளில் டீச்சர் என்று எழுதினேன். மகன்காரன் சண்டைக்கு வந்தான். அம்மாவை இறக்கிவிட்டதாகச் சொன்னான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஜெயோமெத்ரா. நிலம் அளப்பார், சின்ன வீட்டுக்குப் படம் கீறுவார், காணி வரைபடத்தைத் திருத்துவார். 1929இல் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் ஆளே இல்லை. சர்வேயர் பாதி. டிராஃப்ட்ஸ்மன் கால். மிச்சம் எங்கே போகும்?

காவாலியேரே. குதிரையில் போகிறவர். இப்போது அரசு தரும் கௌரவம்.

துரை குதிரையில் போன காலத்தில் கூடவே ஓடியவர் குதிரைக்காரன். அது ஒரு குடும்பத்தின் பெயராகவே நின்றுவிட்டது ஒரு தோட்டத்தில். குதிரைக்கார வீடு.

எக்ரேஜோ. கடித உறையில் ஆணின் பெயருக்கு முன்னால். மந்தையிலிருந்து தனித்துத் தெரிபவர் என்று பொருள், மேன்மை. ஆங்கிலத்தில் அதே சொல் எக்ரீஜியஸ், மோசத்திலும் மோசம்.

பேராசிரியருக்குக் கியாரிஸ்ஸிமோ, மிகத் தெளிந்தவர். பல்கலைக்கழகத் தலைவருக்கு மஞ்ஞீஃபிக்கோ. பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒனொரேவொலே, இங்கே கௌரவ.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஊரிலிருந்து வந்த ஒரு கடிதம். மேலே ம-ள-ள-ஸ்ரீ. மகாராஜராஜஸ்ரீ. ஒரு சில்லறைக் கங்காணிக்கு அவருடைய மைத்துனர் எழுதியது. மதராஸ் அரசாங்கத் தாள்களில் வெள்ளைக்காரர் இதை மொழிபெயர்க்கவில்லை. எம்.ஆர்.ஆர்.ஒய். என்று அப்படியே விட்டார்கள்.

அப்படியே விடுவதும் ஒரு மொழிபெயர்ப்பு. இதை மறக்கக்கூடாது.

பால் வெட்டுதல். இந்தப் பக்கம் தேயிலை பாதி, ரப்பர் பாதி. விடியப்புறம் மரத்தில் கத்தி வைத்தால்தான் பால் ஓடும், வெயில் ஏறினால் கட்டிவிடும். ஒரு தாளில் 'மில்க் கட்டர்' என்று யாரோ ஆங்கிலம் செய்திருந்தார்கள். இத்தாலியில் லாத்தே என்றால் பால். லாத்திச்சே என்றால் ரப்பர்ப் பால். அவர்களும் பால் என்றே நினைத்திருக்கிறார்கள்.

2016 மே. களுபானவில் மலை இறங்கி லயத்தை மூடியது. மரணச் சான்றிதழிலும் அந்தக் கட்டம் உண்டு. பதவி அல்லது தொழில்.

சின்னப் பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில் கோடு போடுவார்கள்.

பலெர்மோவில் மோந்தே பெல்லெக்ரினோ. சாந்தா ரொசாலியாவின் குகை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவோம். சைவக்காரர்தான் அதிகம். பலெர்மோக்காரர் அவரைச் 'சாந்துஸ்ஸா' என்பார்கள், சின்னப் புனிதை. நாங்கள் 'அம்மா' என்போம். குகைக்குள் எப்போதும் தண்ணீர் சொட்டும், தகரப் பீலி வைத்திருப்பார்கள். எங்கள் லயத்துக் கூரையிலும் மழைக்கு அப்படி ஒரு பீலி.

பதாந்தே. முதியவர் வீட்டில் தங்கி வேலை செய்கிறவர். அடிச்சொல் பதாரே. பார்த்துக்கொள்ளுதல், கண் வைத்திருத்தல்.

2020ஆம் ஆண்டுத் தேசிய ஒப்பந்தத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'அஸிஸ்தெந்தே ஃபமிலியாரே' போட்டார்கள். குடும்ப உதவியாளர். வேலைத் தரம் எழுத்தில் வரும். தானாக எழுந்து நடக்க முடியாதவரைப் பார்த்தால் சி.எஸ். பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் டி.எஸ்.

நான் சி.எஸ்.

நாலாவது மாடி. கதவில் பித்தளைத் தகடு. 'ரஜ்.' என்று மூன்று எழுத்து, ஒரு புள்ளி, பிறகு வீட்டுப் பெரியவரின் பெயர். சனிக்கிழமை தோறும் சிஞ்ஞோரா எலுமிச்சம் தோலால் அதைத் துடைப்பார். அவர் போன பிறகு நான் துடைத்தேன். புள்ளிக்குள் அழுக்குத் தங்கும். ஊசியால் எடுக்க வேண்டும்.

பெரியவர் மரக்கடை ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். கீழே கோப்பிக் கடைக்காரர், தபால்காரர், படி கூட்டுகிற பெண் எல்லோரும் 'ரஜோனியே' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சத்தமாக நான் கேட்டது ஆஸ்பத்திரியில்தான்.

பின்னேரம் ஆனால் பழைய கணக்குப் புத்தகம் கேட்பார். பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு புள்ளி. புள்ளி வைத்த வரிக்கே மறுபடி புள்ளி.

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை செக்ரோலைத் திறந்துகொண்டு நிற்பார். அம்மா பெயர் சொன்னதும் 'ஐயா' என்பாள். ஒரு புள்ளி.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். இன்றைக்குப் பேர் விழுந்ததா என்று கேட்பார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மழை வந்து பாதியில் இறங்கினாலும் அரைப்பேர்.

அரைப்பேர். இதை எந்த மொழியிலும் என்னால் வைக்க முடியவில்லை. ஹாஃப் நேம் என்று துரைமார் சொல்வார்கள். இங்கே இருந்தவர்களுக்குப் புரியும்.

பெரியவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்த வருடம். பிரஷர் பார்க்கும் பட்டியைக் கையில் சுற்றும்போது 'கிராத்ஸியே, தொத்தோரெஸ்ஸா' என்றார். நான் தொத்தோரெஸ்ஸா இல்லை என்று பெயரைச் சொன்னேன். அடுத்த நாளும் சொன்னார். அடுத்த நாளும் திருத்தினேன். மூன்றாம் நாள் 'எவ்வளவு இருக்கிறது, தொத்தோரெஸ்ஸா?' என்று கேட்டார். 130க்கு 80 என்றேன்.

பிறகு திருத்தவில்லை.

பெரியப்பா இன்று வந்தார். நான் எழுதி வைத்ததைக் காட்டினேன். 'தொத்தோரெஸ்ஸா' இத்தாலிய எழுத்தில் அப்படியே. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: மூன்று வருட முதற்பட்டம், 180 கிரெடிட், இந்தப் பட்டம் உள்ளவரை இத்தாலியச் சட்டப்படி இப்படி அழைப்பர்.

"அப்ப டாக்டர் இல்லியா மகள்?"

"அங்க அவளை அப்படித்தான் கூப்பிடுவாங்க மாமா. நான் அதை அழிக்கல."

ஒருதரம் விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். தொத்-தோ-ரெஸ்-ஸா. இன்னொருதரம். பிறகு பேப்பர், பிறகு சீலைப் பை.

படி இறங்கும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனார்.

பலெர்மோவில் மரண அறிவித்தல் சுவரில் ஒட்டுவார்கள். கறுப்புக் கரை வைத்த பெரிய தாள். பெரியவர் போனபோது அச்சுக்காரர் கேட்ட முதல் கேள்வி, பெயருக்கு முன்னால் என்ன?

'ரஜ்.' என்றார் மகன். புள்ளியோடு.

மகன் என்னையும் கேட்டார். அன்போடு கவனித்தவர் என்று கீழே ஒரு வரி போடுகிறோம், உங்கள் பெயரை எழுதிக்கொடுங்கள் என்று. வீட்டில் கூப்பிடும் சின்னப் பெயரை எழுதினேன். இல்லை, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி என்றார். அப்பா பெயரும் சேர்ந்து நீளம். ஒரு வரியில் அடங்கவில்லை. எழுத்தைச் சிறுத்து அடக்கினார்கள்.

என் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. அவருக்கு மூன்று எழுத்து, ஒரு புள்ளி.

பசை காயும் வரை சுவருக்கு எதிரே நின்றேன்.

அன்றிரவு அம்மா போன் எடுத்தாள். எல்லாம் கேட்டாள். சாகும்போது யார் பக்கத்தில், தண்ணி கேட்டாரா, கண்ணை மூடிவிட்டது யார். பிறகு கொஞ்சம் தயங்கி,

"ஆள் செத்துட்டாரே, இன்னிக்குப் பேர் போட்டாங்களா?"

"போட்டாங்கம்மா" என்றேன். "முழுப்பேர்."